இரண்டு மதிப்பெண் வெள்ளையணு

ஆறு மணிக்குப் போகலாமாம். ஆறு அடித்த பிறகு எப்போது வேண்டுமானாலும் போகலாமாம், நானே வேண்டாம் என்றாலும் விடமாட்டார்களாம், ஆனால் இப்போது மணி நாலரை தாண்டிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை, ராகுகாலம், ஆஸ்பத்திரிக்கென்று இந்த நேரத்தில் வாசல்படி இறங்கக் கூடாதாம். சொன்னது பிரமநாயகி மதினி, இவருடைய அக்கா, என்னைப் பார்ப்பதற்கென்றே அம்பாசமுத்திரத்திலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறாள். தலையாட்டியது இவர், என்னைக் கட்டிக்கொண்ட நெல்லைநாயகம். மின்வாரியத்தில் இருந்த காலத்தில் எங்கேயாவது கம்பி அறுந்து விழுந்துவிட்டது என்று போன் வந்தால் ராகுகாலம் முடியட்டும் என்று காத்திருந்தாரா? சோற்றுக் கையைக் கழுவாமல் ஓடினாரே. கம்பிக்கு ஓடினவர் கட்டின பெண்டாட்டிக்கு ஓடமாட்டார். நான் சோபாவின் மூலையில் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சித்திரை மாதம், பாளையங்கோட்டை வெயில், தலைக்கு மேலே மின்விசிறி ஓடுகிறது, எனக்குக் குளிர்கிறது. மயிர் கொட்டிப்போன தலையில் கட்டியிருக்கும் துணிக்கு உள்ளே குளிர்கிறது, நகக்கண்ணில் குளிர்கிறது, பல்லில் குளிர்கிறது. மார்பில் வந்த கட்டிக்கு மூன்றாவது தடவை கீமோ ஏற்றிவிட்டு வந்து இன்றோடு பத்து நாள் ஆகிறது. இந்தச் சமயத்தில்தான் ரத்தத்தில் வெள்ளையணுக்கள் இல்லாமலே போகும், இப்போது காய்ச்சல் வந்தால் அது காய்ச்சல் இல்லை, நெருப்பு, ஒரு மணி நேரம்கூட வீட்டில் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது, மாத்திரை போட்டு இறக்கிப் பார்க்கக் கூடாது, ஞாயிறோ தீபாவளியோ நேரே அவசரப் பிரிவுக்கு வந்துவிட வேண்டும், தாமதித்தால் உயிருக்கே ஆபத்து. டாக்டரம்மா இதை இரண்டு முறை சொன்னாள், இரண்டாவது முறை இவரைப் பார்த்துச் சொன்னாள். இவர் அப்போதும் இதே மாதிரிதான் தலையாட்டினார்.

கதவைத் திறந்தபோதே எனக்குத் தெரியும். மூன்று மணி. மதினி படியேறி வந்து மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறாள், கையில் வயர்கூடை, "என்னம்மா மரகதம், இப்படி கருத்துப் போயிட்டியே" என்கிறாள், அவள் பின்னாலிருந்து வந்த வெயில் காற்று என் மேல் பட்டதும் முதுகில் யாரோ ஈரத்துணியை ஒட்டினது போல ஒரு சிலிர்ப்பு. வந்துவிட்டது என்று எனக்குள் ஒன்று சொன்னது, தெளிவாகச் சொன்னது. நான் என்ன செய்தேன், வாங்க மதினி என்றேன், உட்காருங்க என்றேன், காபி போடப் போனேன். இவருக்குக் காபி போடத் தெரியாது. இவர் போட்டால் டிகாஷன் கழனித்தண்ணி மாதிரி இருக்கும், மதினி வாயில் வைக்கமாட்டாள், வைக்காததோடு நிற்காமல் ஊரெல்லாம் போய், பாவம் என் தம்பி, இந்த வயசில் அடுப்படியில் நிற்கிறான் என்று சொல்வாள். அதற்காகவா எழுந்து போனேன்? அதற்காகத்தான். பால் பொங்குகிற நேரம் வடிகட்டியின் மூடியைத் திறக்க முடியவில்லை, திறந்தேன், ஆற்றினேன், நுரை வந்ததா என்று பார்த்தேன், இரண்டு டம்ளரில் ஊற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்புறம் அவளுடைய மகன் வாங்கின இடத்தைப் பற்றிக் கேட்டேன், மருமகளின் இடுப்பு வலியைப் பற்றிக் கேட்டேன், கேட்டுக்கொண்டே வெப்பமானியைச் சேலைத் தலைப்புக்குள் கொண்டுபோய் அக்குளில் செருகிக்கொண்டேன். திருடியைப் போல. அது கீச் கீச் என்று கத்தியது. "என்னமோ சத்தம் கேக்கே" என்றாள் மதினி. "கடிகாரம் மதினி" என்றேன். கடிகாரமாம். நூற்றொன்று என்று காட்டியது. அடுப்படிக்கு இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். இவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "அக்கா இப்பத்தான வந்திருக்கா, வந்தவுடனே நாம கிளம்பினா ஒரு மாதிரி இருக்குமே" என்றார், மெதுவாக, அக்காவுக்குக் கேட்காதபடி. ஒரு மாதிரி இருக்குமாம். என் ரத்தத்துக்குள் எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டாரா? மெதுவாகப் பேசினாலும் மதினிக்குக் காது கூர்மை, "என்ன தம்பி, காய்ச்சலா?" என்று எழுந்து வந்தாள், நெற்றியில் கை வைத்தாள், ஐயையோ என்றாள், சுவரில் கடிகாரத்தைப் பார்த்தாள், அவ்வளவுதான், முடிந்தது.

நான் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் நடத்தினவள். ஓய்வு பெற்று நாலு வருஷம்தான் ஆகிறது. பன்னிரண்டாம் வகுப்பு, நோய்த்தடைகாப்பு, பலகையில் குடல் சுவரை வரைவேன், வெள்ளைச் சுண்ணாம்புக்கட்டியில் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகள், அதன்மேல் ஒரே ஒரு வரிசை செல். ஒரே வரிசைதான் பிள்ளைகளா, அதற்கு இந்தப் பக்கம் நாம், அந்தப் பக்கம் கோடிக்கணக்கான பாக்டீரியா, நடுவில் இவ்வளவுதான் மறைப்பு. பிள்ளைகள் முகத்தைச் சுளிப்பார்கள். சுளிக்காதீர்கள், அதுகள் பாட்டுக்கு அதுகள் இருக்கின்றன, நாம் தின்பதில் கொஞ்சம் தின்று நமக்கும் கொஞ்சம் செய்துகொடுத்துக்கொண்டு இருக்கின்றன, மறைப்பைத் தாண்டி உள்ளே வராத வரைக்கும் பகை இல்லை. வந்தால்? வந்தால் அந்தச் சுவருக்கு அடியிலேயே குடியிருக்கும் விழுங்கு செல்கள் பிடித்துத் தின்றுவிடும். சத்தம் போடாமல், வீக்கம் இல்லாமல், நமக்குத் தெரியவே தெரியாமல். ஒன்றிரண்டு வந்தால் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். கூட்டமாக வந்தால் ரத்தத்துக்குத் தகவல் போகும், ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும் நியூட்ரோபில் என்ற வெள்ளையணு ரத்தக்குழாயின் சுவர் இடுக்கில் உடம்பைச் சன்னமாக்கிப் பிதுங்கி வெளியே வரும், விழுங்கும், விழுங்க முடியாத அளவுக்கு வந்தால் தன் வயிற்றுக்குள் இருக்கும் மரபு இழையையே பிய்த்து வலையாக வீசி அதில் கிருமியைச் சிக்கவைத்துவிட்டுச் சாகும். ஒரு நாள் வாழ்ந்தால் அதிகம். எந்தக் கிருமி என்று கேட்காது, முன்னே பின்னே பார்த்திருக்க வேண்டும் என்று இல்லை, பிறந்ததிலிருந்தே தெரியும், சுவர் உடைந்ததென்றால் கிளம்பிவிடும். இதைச் சொல்லும்போதெல்லாம் நான் சுண்ணாம்புக்கட்டியைக் கீழே வைத்துவிடுவேன், பிள்ளைகள் மணியைப் பார்ப்பார்கள். பாடப் புத்தகத்தில் இதற்கு நாலு வரி. பரீட்சையில் இரண்டு மதிப்பெண். கிருமியை அடையாளம் படித்து, நினைவும் வைத்துக்கொண்டு பத்து நாள் கழித்து ஆற அமர வந்து சேரும் செல்கள் இருக்கிறதே, அதற்குத்தான் ஐந்து மதிப்பெண், படம் வரைந்து பாகங்களைக் குறிக்கவும். முதலில் போய் விழுந்து சாகிறவர்களுக்கு என்றைக்கும் இரண்டு மதிப்பெண்தான். நானும் அப்படித்தான் திருத்தினேன், சிவப்பு மையில், இரண்டுக்கு ஒன்றரை. இப்போது அந்த இரண்டு மதிப்பெண் ஆட்கள் என் உடம்பில் இல்லை. கட்டியைக் கொல்லப் போன மருந்து வேகமாக வளரும் எல்லாவற்றையும் கொன்றது, மயிரைக் கொன்றது, குடலின் அந்த ஒற்றை வரிசையைப் புண்ணாக்கியது, எலும்புக்குள் பிறந்துகொண்டிருந்த வெள்ளையணுக்களையும் பிறக்கவிடாமல் செய்தது. சுவரும் இடிந்து காவலும் போன நாளில், இதெல்லாம் தெரிந்த ஒருத்தி, பாடமே நடத்தின ஒருத்தி, சோபாவில் உட்கார்ந்து ஆறு மணிக்காகக் காத்திருக்கிறாள்.

"கொஞ்சம் தீர்த்தம் குடி மரகதம்" என்கிறாள் மதினி. பாபநாசத்துத் தண்ணீர், படித்துறையில் முங்கிக் குளித்துவிட்டு எனக்கென்று பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்து வந்திருக்கிறாள், டம்ளரில் ஊற்றிவிட்டாள், கலங்கல் ஒன்றும் இல்லை, பளிங்காகத்தான் இருக்கிறது, அதுதான் பயமாக இருக்கிறது. கொதிக்க வைத்து ஆறின தண்ணீரைத் தவிர வேறு தண்ணீரை நான் தொட்டு இரண்டு மாதம் ஆகிறது. பச்சையாகத் தக்காளி இல்லை, தயிர் இல்லை, தோலோடு தின்னும் பழம் இல்லை. டம்ளரைக் கையில் வாங்கி வைத்திருக்கிறேன். கீழே வைத்தால் மதினி முகம் வாடும், குடித்தால் நான் சாவேன், இரண்டையும் ஒரே தராசில் வைத்து நிறுத்துக்கொண்டிருக்கிறேனே, எனக்கு என்ன புத்தி கெட்டுப் போனதா? "அப்புறமா குடிக்கேன் மதினி, வயிறு ஒரு மாதிரி இருக்கு" என்கிறேன். "வயித்துக்குத்தான சொல்லுதேன்" என்கிறாள். இவர் டி.வி.யின் சத்தத்தைக் குறைக்கிறார், அதுதான் இவர் செய்யும் உதவி. எல்லாக் கோபத்தையும் இந்த டம்ளர் மேல் ஏற்றிவிடலாம் என்று பார்க்கிறேன், இவளால்தான், இவள் கொண்டுவந்த வெளிக்காற்றால்தான், இவள் புடவையில் ஒட்டி வந்த பஸ் அழுக்கால்தான் என்று. ஏறவில்லை. ஏனென்றால் காய்ச்சல் மதினி கூடையைத் திறப்பதற்கு முன்னாலேயே வந்துவிட்டது. டாக்டரம்மா அன்றைக்கே சொன்னாளே, வெளியிலிருந்து வந்தால்தான் என்று நினைக்காதீங்கம்மா, பாதிப் பேருக்கு மேல் அவங்க குடலில் இருந்ததுதான் ரத்தத்துக்குள் போகும். என் குடலில் இருந்தது. அறுபத்திரண்டு வருஷமாக என் கூட இருந்தது. நான் தின்ற சோற்றில் வளர்ந்தது. நேற்றுவரை நல்ல முகமாக இருந்துவிட்டு இன்றைக்குக் கதவில் ஆள் இல்லை என்றதும் உள்ளே வருகிறது. அதன் மேலும் கோபப்பட முடியவில்லை, அதற்குத் திறந்த வழி தெரிகிறது, போகிறது, அவ்வளவுதான். கோபமெல்லாம் இந்த நல்ல முகத்தின் மேல்தான் வருகிறது, வீடு முழுக்க நல்ல முகமாக இருக்கிறதே, அதன் மேல். அக்கா மனசு நோகக் கூடாது, தம்பி பேர் கெடக் கூடாது, மதினி முகம் வாடக் கூடாது, எல்லாரும் எல்லாரிடமும் பதவிசாக இருந்து ஒருத்தியைக் கொன்றுவிடுவார்கள், கொன்றுவிட்டுப் பதினாறாம் நாள் வரைக்கும் பதவிசாக உட்கார்ந்திருப்பார்கள். நெஞ்சு படபடக்கிறது. இது கோபமா, காய்ச்சலா, ரத்த அழுத்தம் இறங்குகிறதா? இறங்கினால் தலை சுற்றும் என்றாள். சுற்றுகிறதா? மின்விசிறி சுற்றுகிறது. என் மகளுக்குப் போன் செய்யலாம், பெங்களூரில் இருந்துகொண்டு அவள் கத்துவாள், இவர் போனை வாங்கி, ஒண்ணும் இல்லைம்மா, ஆறு மணிக்குக் கிளம்புதோம் என்பார். எனக்குச் சாகப் பயமாக இருக்கிறது. இதைச் சொல்ல வெட்கமே இல்லை, பயமாக இருக்கிறது.

"ஒரு நாலு மணிக்கே சொல்லியிருக்கக் கூடாதா, மரகதம்" என்கிறாள் மதினி, அவளுக்கும் இருப்புக்கொள்ளவில்லை, முந்தானையைச் சுருட்டிச் சுருட்டி விடுகிறாள். "அப்பவே உன் துணிப்பையக் கொண்டுபோயி யார் வீட்டுலயாவது பரஸ்தானம் வச்சிருக்கலாம்லா. பை கிளம்பிட்டுன்னா ஆளு கிளம்பின கணக்குதான. அதுக்கப்புறம் எந்த நேரத்துல இறங்கினாலும் தோஷம் இல்ல. எங்க வீட்டுல எல்லாரும் அப்படித்தான் செய்வோம்." இவர், ஆமாக்கா, அது செய்திருக்கலாம் என்கிறார். கேளுங்கள். நான் போகக் கூடாது, என் பை போகலாம். பைக்குக் காய்ச்சல் இல்லை, பைக்குக் குடல் இல்லை, அது நல்ல நேரத்தில் பக்கத்து வீட்டில் போய் உட்கார்ந்தால் எனக்குப் பாதுகாப்பு. இதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை, எரிச்சலில் கண்ணில் தண்ணீர்தான் வந்தது. பை. என் பை. இரண்டு நைட்டி, ஒரு துண்டு, பல்துலக்கி, ரிப்போர்ட்டுகள். இவர் அந்தப் பையைக் கடைசியாக எப்போது பார்த்தார்? பார்த்திருக்கமாட்டார், அது இந்த வீட்டில் இல்லை. மாடிப்படி இறங்கும்போது தலை சுற்றினால் பையையும் தூக்க முடியாது என்று புதன்கிழமையே கீழ்வீட்டு ஜீனத்திடம் கொடுத்து வைத்திருக்கிறேன், அவள் தம்பிதான் ஆட்டோ ஓட்டுகிறான், கதவுக்குப் பின்னாலேயே வைத்திருக்கிறேன்க்கா, ஒரு குரல் கொடுங்க என்றாள். புதன்கிழமை. மதினி கணக்குக்கு மூன்று நாளைக்கு மேல் போனால் பரஸ்தானம் செல்லாது, என் மாமியார் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நான் டம்ளரை டீப்பாயின் மேல் வைத்தேன். "பை கீழ்வீட்டுல இருக்கு மதினி" என்றேன். "நேத்துக் காலையிலயே கொடுத்தாச்சு." மதினி நிமிர்ந்து பார்த்தாள். "நேத்து சனிக்கிழமைல்லா, எத்தனை மணிக்கு?" "பதினொண்ணு இருக்கும். ராகுகாலம் முடிஞ்சப்புறம்தான் கொடுத்தேன்." ஒரு நொடி அவள் வாய்க்குள் எதையோ எண்ணினாள். அப்புறம் அவள் எழுந்த வேகத்தைப் பார்க்க வேண்டும். "அட கோட்டிக்காரி, இத முன்னாலேயே சொல்லாம என்னத்துக்கு உக்காந்திருக்க? ஏ நாயகம், பாத்துக்கிட்டு நிக்கியே, சட்டையப் போடு, பிள்ளைக்கு எப்படிக் கொதிக்கி பாரு." அவளே குனிந்து என் செருப்பை எடுத்துக் காலடியில் போட்டாள், மூட்டுவலிக்காரி, குனிந்து போட்டாள். இடது வலது மாறிப் போட்டுவிட்டு மறுபடி எடுத்து மாற்றினாள். இவ்வளவு பயத்தை வைத்துக்கொண்டுதானா இவ்வளவு நேரமும் உட்கார்ந்திருந்தாள்? எனக்கு அவள் மேல் இரக்கம் வந்தது, அப்படி வந்ததற்காகவும் கோபம் வந்தது. ஊரில் பாதிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினேன், டாக்டரம்மா இரண்டு முறை சொன்னாள், வெப்பமானி எண் போட்டுக் காட்டியது, ஒருவர் பேச்சும் எடுபடவில்லை. ஒரு ரெக்சின் பையை வைத்து ஒரு பொய் சொன்னதும் வீடே எழுந்து ஓடுகிறது.

மதினி வீட்டிலேயே இருந்துகொண்டாள். படியில் இவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார், ரொம்ப இறுக்கமாகப் பிடித்தார், வலித்தது, சொல்லவில்லை, அப்புறம் சொன்னேன், விட்டுப் பிடித்தார். ஜீனத் பையை ஆட்டோவில் வைத்துவிட்டு என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தம்பியை முதுகில் தட்டினாள். ஆட்டோ முருகன்குறிச்சி தாண்டும்போது பள்ளத்தில் இறங்கி ஏறியது, வயிற்றுக்குள் எல்லாம் குலுங்கியது, என் கண் முன்னால் அந்தப் பலகைப் படம், சுண்ணாம்புக்கட்டிக் கோடு, அதில் அங்கங்கே யாரோ டஸ்டரால் துடைத்துவிட்ட மாதிரி இடைவெளி, இடைவெளி வழியாகச் சின்னச் சின்னக் குச்சிகள் நுழைந்துகொண்டே இருக்கின்றன, இந்தப் பக்கம் ஒருவரும் இல்லை, பழைய விழுங்கு செல்கள் சிலர் மட்டும் இருந்த இடத்தில் இருந்துகொண்டு ஆள் அனுப்பு, ஆள் அனுப்பு என்று ரத்தத்துக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள், ரத்தத்தில் அனுப்ப ஆள் இல்லை, ஆனாலும் சொல்வதை நிறுத்தவில்லை, அந்தச் சொல்லல்தான் இந்தக் குளிர், இந்தக் காய்ச்சல், இந்தப் பல் நடுக்கம். மூன்று மணியிலிருந்து அவர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். நான் கேட்டேன், நன்றாகக் கேட்டது, கேட்டுவிட்டுப் பாலை அடுப்பில் வைத்தேன். இவர் பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டு, ஒண்ணும் ஆகாது மரகதம், ஒண்ணும் ஆகாது என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவசரப் பிரிவில் ஒரு சின்னப் பெண், நர்ஸ், என் தலைத்துணியைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் முன்னால் நின்றவர்களை விலக்கிவிட்டுக் கட்டிலில் படுக்க வைத்தாள், கையில் ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றினாள், முகம் மாறியது, உள்ளே பார்த்து டாக்டரைக் கூப்பிட்டாள், ஊசியை நரம்பில் ஏற்றிக்கொண்டே கேட்டாள், "காய்ச்சல் எப்ப இருந்து இருக்கு?" "இப்பத்தான்" என்றார் இவர், "ஒரு பத்து நிமிஷமாத்தான், உடனே கூட்டிட்டு வந்துட்டோம்." எவ்வளவு சுலபமாக வந்தது அந்த வார்த்தை. அக்காவைக் காப்பாற்றிவிட்டார், தன்னைக் காப்பாற்றிக்கொண்டார், எங்கள் வீட்டையே காப்பாற்றிவிட்டார். நான் தலையைத் தூக்கினேன். "மூணு மணியிலிருந்து" என்றேன். நர்ஸ் ஊசியின் மேல் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்தி, சுவரில் மணியைப் பார்த்தாள், இவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "மூணு மணியிலிருந்தா? இவ்வளவு நேரம் என்னம்மா பண்ணிக்கிட்டு இருந்தீங்க?" இவர் என் போர்வையின் நுனியைச் சரிசெய்தார். சரிசெய்து முடித்த பிறகும் கையை எடுக்கவில்லை, வேறு ஏதாவது சொல்லு என்று அந்தக் கை கேட்டது. மருந்து குளிர்ச்சியாக நரம்புக்குள் ஏறத் தொடங்கியிருந்தது.

"காபி போட்டுக்கிட்டு இருந்தேன் சிஸ்டர்" என்றேன்.